வேலிக்குள் வந்த கோழிக்கு என்ன போடுவது? புதிதாக நாட்டுக்கோழி வளர்ப்பவர்களுக்கு ஒரு தீவன வழிகாட்டி

என் அம்மிச்சி (அம்மாவின் அம்மா) தாராபுரத்துக்குக் கிழக்கே ஒரு தோட்டத்துச் சாளையில் (தோட்டத்து வீட்டில்) முப்பது கோழிகளுக்குக் குறையாமல் வளர்த்தார். விடிந்ததும் கோழிகளை மூடிவைத்த கொடாப்புக் கூடையைத் தூக்கிவிட்டு, முறத்திலிருந்து இரண்டு கை கம்போ சோளமோ வீசுவார். அவர் போட்ட தீவனம் அவ்வளவுதான். கோழிகள் கொழுகொழுவென்று இருந்தன. அதையே மனத்தில் வைத்துக்கொண்டு நான் முதல் முறை 200 குஞ்சுகளை இறக்கினேன். கம்பி வலைக்குள் விட்டுச் சோளத்தையும் கம்பையும் தாராளமாகப் போட்டேன். தொண்ணூறாம் நாள் எடை பார்த்தபோது ஒன்றுகூட முக்கால் கிலோவைத் தாண்டவில்லை. பாதிக் கோழிகளுக்கு வால் பக்கம் இறகே இல்லை. ஒன்றையொன்று கொத்திப் பிடுங்கித் தின்றிருந்தன.

அம்மிச்சியின் கோழிகள் சோளத்தால் வளரவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கொறங்காட்டில் (மேய்ச்சல் நிலத்தில்) கிளுவை வேலியோரம் கிளறிய கரையான், கட்டுத்தரைச் சாணத்தைச் சீய்த்து எடுத்த புழு, வெட்டுக்கிளி, இளம்புல், களத்தில் சிந்திய பயறு, சின்னச் சின்னக் கல் எல்லாம் சேர்ந்ததுதான் அவற்றின் தீவனம். அவர் வீசிய தானியம், பொழுது சாய்ந்தால் சாளைக்குத் திரும்பி வருவதற்குக் கொடுத்த கூலி. கோழியை வேலிக்குள் அடைத்த நாளிலிருந்து அந்தக் கரையானுக்கும் புழுவுக்கும் கல்லுக்கும் நாம்தான் பொறுப்பு. புதியவர்கள் பெரும்பாலும் நஷ்டப்படுவது இந்த இடத்தில்தான்.

நாமக்கல்லில் லட்சக்கணக்கில் முட்டைக்கோழி வைத்திருப்பவர்களுக்குச் சொந்தத் தீவன ஆலையே இருக்கிறது. பல்லடம், உடுமலை பக்கம் ஒப்பந்தத்துக்குப் பிராய்லர் வளர்ப்பவர்களுக்குக் குஞ்சும் தீவனமும் மருந்தும் நிறுவனத்திலிருந்தே வந்து இறங்கிவிடும். ஷெட்டும் உழைப்பும்தான் அவர்களுடையது. ஆகவே இங்கே எழுதுவது, சொந்தப் பணத்தில் நூறிலிருந்து ஐந்நூறு நாட்டுக்கோழி வரை வளர்க்க நினைப்பவர்களுக்கு.

குஞ்சு வாங்கும் முன் மூட்டைக் கணக்கு

பண்ணைச் செலவில் நூற்றுக்கு அறுபது, எழுபது ரூபாய் தீவனத்துக்கே போகும். குஞ்சு விலையை நாலு இடத்தில் பேரம் பேசிவிட்டுத் தீவனக் கணக்கைக் கடைக்காரரிடம் விட்டுவிடுகிறவர்கள் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். இப்போது சந்தையில் கிடைக்கும் நாட்டுக்கோழிக் கலப்பினங்கள் விற்பனை எடைக்கு வர ஏறக்குறைய 90 முதல் 100 நாள் ஆகும். அதுவரை ஒரு கோழி சுமார் நான்கு கிலோ தின்னும். நூறு கோழிக்கு 400 கிலோ, அதாவது 50 கிலோ மூட்டையில் எட்டு. கோழி பெரிதாகப் பெரிதாகத்தான் தீனி கூடும் என்பதால், எட்டில் பாதி கடைசி ஒரு மாதத்தில் தீரும். முதல் மாதம் இரண்டு மூட்டைகூடச் செலவாகாததைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். கையில் எட்டு மூட்டைக்கும் பணம் இருந்தால் மட்டும் நூறு குஞ்சு வாங்குங்கள். நான்கு மூட்டைக்குத்தான் இருக்கிறதென்றால் ஐம்பது போதும். எழுபதாம் நாள் பணம் தீர்ந்து வெறும் தவிட்டைப் போட்டு ஒப்பேற்றிய பண்ணைகளைப் பார்த்திருக்கிறேன். அந்த மூன்று வாரத்தில் எடை அப்படியே நின்றுபோகும். அதற்கு முன் போட்டதும் வீண்.

முதல் நாள்

குஞ்சு வந்ததும் தீவனம் போடக் கூடாது; தண்ணீர் முதலில். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் கொஞ்சம் வெல்லம் அல்லது குளுக்கோஸ் கலந்து வையுங்கள். ஒவ்வொரு குஞ்சின் அலகையும் ஒருமுறை தண்ணீரில் தொட்டுவிட்டால், ஒன்றைப் பார்த்து மற்றது கற்றுக்கொள்ளும். ஓரிரண்டு மணி நேரம் கழித்து, உமியின் மேல் செய்தித்தாளை விரித்து, அதில் உடைத்த மக்காச்சோளக் குருணையைத் தூவுங்கள். தாளில் அலகு படும்போது எழும் சத்தமே மற்ற குஞ்சுகளைக் கூப்பிடும். மறுநாளிலிருந்து தட்டில் குஞ்சுத் தீவனம்.

அன்று இரவு ஒரு சோதனை செய்யுங்கள். பத்துக் குஞ்சுகளைக் கையில் எடுத்து, கழுத்தடியில் இருக்கும் தீனிப்பையை விரல் நுனியால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். ஊறவைத்த பட்டாணி போல மெத்தென்று இருந்தால் தீனியும் எடுத்திருக்கிறது, தண்ணீரும் குடித்திருக்கிறது. கெட்டியாக இருந்தால் தண்ணீர் போதவில்லை. தொளதொளவென்று நீராக இருந்தால் தீனியைக் கண்டுபிடிக்கவில்லை. காலியாக இருக்கும் குஞ்சு பத்தில் இரண்டுக்கு மேல் இருந்தால் தட்டு தூரமாக இருக்கிறது, அல்லது புரூடரில் (குஞ்சுகளுக்குச் சூடு தரும் அடைப்பில்) சூடு போதவில்லை. அன்றைக்கே சரிசெய்துவிடுங்கள், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட வேண்டாம்.

வயதுக்கு ஏற்ற தீவனம்

மூட்டையின் மேல் தைத்திருக்கும் சீட்டில் புரதம் எத்தனை சதவீதம் என்று இருக்கும். விலையைப் பார்ப்பதற்கு முன் அதைப் படியுங்கள். முதல் எட்டு வாரம் 20 சதவீதப் புரதம் வேண்டும். அதன்பின் 16 போதும். முட்டைக்கு வைத்திருக்கும் பெட்டைகளுக்கு முட்டையிடும் பருவத்தில் 16 முதல் 18. நாட்டுக்கோழிக்கென்று தனித் தீவனம் உங்கள் ஊரில் கிடைக்காவிட்டால் முதல் நான்கு வாரம் பிராய்லர் குஞ்சுத் தீவனத்தையே கொடுக்கலாம். அதற்குமேல் அதைத் தொடர்வது காசுக்குக் கேடு. பிராய்லர் ஐந்தாறு வாரத்தில் இரண்டு கிலோ வருவதற்காகவே தேர்ந்தெடுத்து உருவாக்கிய இனம். அந்தத் தீவனத்தை நாட்டுக்கோழி தின்றால் அந்த வேகம் வராது, வயிற்றுக் கொழுப்புத்தான் வரும்.

ஒரு கோழி நாளைக்கு எவ்வளவு தின்னும் என்பதற்குத் தோராயக் கணக்கு: முதல் வாரம் பத்துக் கிராமுக்குள், ஒரு மாதத்தில் முப்பது வரை, இரண்டு மாதத்தில் ஐம்பது, மூன்று மாதத்தில் எழுபது எண்பது, முட்டையிடும் கோழிக்கு நூறை ஒட்டி. இதில் திடீரென்று இறக்கம் தெரிந்தால் நோய் வாசலில் நிற்கிறது என்று பொருள். கழிச்சல் கண்ணுக்குத் தெரிவதற்கு ஒரு நாள் முன்பே தீனி குறைந்துவிடும்.

முட்டைக்கோழித் தீவனம் மலிவாகக் கிடைக்கிறதே என்று குஞ்சுக்குப் போடாதீர்கள். அதில் மூன்றரை, நான்கு சதவீதம் சுண்ணாம்புச் சத்து இருக்கும்; குஞ்சுக்கு ஒரு சதவீதம் போதும். மிஞ்சிய சுண்ணாம்பு சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொன்றுவிடும். மாட்டுத் தீவனத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதில் நார் அதிகம். சிலவற்றில் யூரியாவும் சேர்த்திருப்பார்கள். மாட்டின் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் யூரியாவைப் புரதமாக்கித் தரும். கோழிக்கு அந்த வசதி இல்லை. பருத்திக்கொட்டைப் புண்ணாக்கும் கறவைக்குத்தான். கோழிக்குப் போட்டால் அதிலுள்ள காசிப்பால் என்ற நஞ்சு வளர்ச்சியைத் தடுக்கும், முட்டையின் மஞ்சள் கருவும் பச்சை பாய்ந்துபோகும்.

ஒரு தீவனத்திலிருந்து அடுத்ததற்கு மாறும்போது ஒரே நாளில் மாற்ற வேண்டாம். நான்கைந்து நாள் கலந்து கொடுத்து மாற்றுங்கள்.

சொந்தமாகக் கலக்க வேண்டுமா?

முதல் பேட்சுக்கு வேண்டாம் என்பதே என் கருத்து. ஒரு பேட்சு வாங்கிய தீவனத்தில் வளர்த்து, உங்கள் கோழி எத்தனை நாளில் எத்தனை எடை வருகிறது என்று தெரிந்துகொண்டால்தான், பிறகு நீங்கள் கலப்பது நன்றா என்று ஒப்பிட முடியும். குஞ்சுத் தீவனத்தை எப்போதுமே வாங்கிவிடுங்கள். எட்டு வாரத்துக்குப் பிறகு கொடுக்கும் வளர் தீவனத்தைச் சொந்தமாகக் கலப்பதில் லாபம் இருக்கிறது. நம் பக்கம் மக்காச்சோளமும் சோளமும் காட்டிலேயே விளைகின்றன அல்லவா?

புரதக் கணக்கு இதுதான். மக்காச்சோளத்தில் 9 சதவீதம், சோளத்தில் 10, கம்பில் 11 அல்லது 12, எண்ணெய் எடுத்த தவிட்டில் 14, சோயாப் புண்ணாக்கில் 45. தானியத்தை மட்டும் எப்படிக் கலந்தாலும் 12-ஐத் தாண்டாது என்பதைக் கவனியுங்கள். என் 200 கோழிகளும் முக்கால் கிலோவில் நின்றதற்கு அதுதான் காரணம். நூறு கிலோ வளர் தீவனத்துக்கு நான் இப்போது கலக்கும் அளவு: மக்காச்சோளம் 50, சோளம் 12, எண்ணெய் எடுத்த தவிடு 14, சோயாப் புண்ணாக்கு 21, மீதி 3 கிலோ தாது உப்புக் கலவையும் வைட்டமினும், புரதத்தின் கூறான மெத்தியோனைன் என்ற அமினோ அமிலமும். புரதம் 17-ஐ ஒட்டி வரும். சாப்பாட்டு உப்பு மொத்தத்தில் 300 கிராம் போதும். தாது உப்புக் கலவையிலேயே உப்பு இருந்தால் தனியாகப் போட வேண்டாம். கோழிக்கென்று விற்கும் தாது உப்புக் கலவையைத்தான் வாங்க வேண்டும், மாட்டுக்கு உரியதை அல்ல.

பொள்ளாச்சிப் பக்கத்து நண்பர்கள் தேங்காய்ப் புண்ணாக்கைப் பற்றிக் கேட்பார்கள். கொஞ்சம் சேர்க்கலாம். ஆனால் அதில் நார் அதிகம், லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, சோயாவுக்கு மாற்றாக நிற்காது. கடலைப் புண்ணாக்கில் புரதம் சோயாவுக்கு இணையாகவே இருக்கும். லைசினும் மெத்தியோனைனும் குறைவு, பூஞ்சை பிடிக்கும் அபாயமோ அதிகம். கருவாட்டுத் தூள் கோழிக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் கருவாடு என்ற பெயரில் உப்பும் மணலும் மூட்டை மூட்டையாக வரும். உப்புப் போடாமல் காயவைத்தது என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் ஐந்து சதவீதத்துக்குள் சேருங்கள், விற்பதற்கு இரண்டு வாரம் முன்பே நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் குழம்பில் மீன் வாடை அடிக்கும்.

பச்சைச் சோயாவை உடைத்துப் போடலாமா என்றும் கேட்பதுண்டு. கூடாது. அதிலுள்ள ஒரு பொருள் புரதத்தைச் செரிக்கவிடாது. ஆலையில் சூடுபட்டு வரும் புண்ணாக்கில் அது அழிந்திருக்கும்.

அரைக்கும்போது மாவாக அரைக்காதீர்கள். ரவைப் பதம், கொஞ்சம் கரகரப்பாக. மாவு அலகில் ஒட்டித் தண்ணீரில் கரைந்தே பாதி போகும். கலப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. வைட்டமின், மெத்தியோனைன் போலக் கிராம் கணக்கில் சேர்ப்பவற்றை முதலில் இரண்டு கிலோ மக்காச்சோளத்தூளில் பிசறி, அதைப் பத்துக் கிலோவில் கலந்து, அதன் பிறகு மொத்தக் குவியலில் சேர்த்து, மண்வெட்டியால் ஐந்து முறை புரட்டுங்கள். நேராகக் குவியலில் தூவினால் ஒரு கோழிக்குப் பத்து நாள் வைட்டமினும் இன்னொன்றுக்கு ஒன்றுமில்லாமலும் போகும்.

பூஞ்சை

என் இரண்டாவது பாடம் ஐப்பசி மழையில் வந்தது. அந்த ஆண்டு ஒரு வியாபாரி வழக்கத்தைவிடக் குறைந்த விலைக்கு மக்காச்சோளம் தந்தார். கையில் அள்ளியபோது கொஞ்சம் குளிர்ந்தாற்போல் இருந்தது. விலை கண்ணை மறைத்தது. சிமென்ட் தரையில் சுவரோடு சாய்த்து அடுக்கினேன். மூன்றாவது வாரம் கோழிகள் சிறகைத் தொங்கப்போட்டு நின்றன. இரண்டு வாரத்தில் பதினொன்று செத்தன. கால்நடை மருத்துவர் ஒன்றை அறுத்து ஈரலைக் காட்டினார். கருஞ்சிவப்பாக இருக்க வேண்டியது, வெந்த மஞ்சள் பூசணித் துண்டு போல வெளிறி, விரல் பட்டால் உதிர்ந்தது.

அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு அது. தானியத்தில் ஈரம் 13 சதவீதத்தைத் தாண்டினால், வெப்பமும் சேர்ந்துகொள்ள, பூஞ்சை அதை உண்டாக்கிவிடும். ஒரு டன் தீவனத்தில் 20 மில்லிகிராம்தான் இந்தியத் தர வரம்பு. ஒரு சிட்டிகை உப்பில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பூஞ்சை பிடித்ததை வெயிலில் காயவைத்தாலும் வறுத்தாலும் பூஞ்சைதான் சாகும், நஞ்சு முழுவதும் போகாது. நஞ்சுறிஞ்சி என்று விற்கும் தூள்கள் ஓரளவு உதவும். கெட்ட சோளத்தை நல்ல சோளமாக்க எந்தத் தூளாலும் ஆகாது.

ஆகவே வாங்கும்போதே பாருங்கள். ஈரமானி இல்லாவிட்டால் உப்புப் புட்டி போதும். நன்றாகக் காய்ந்த கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு மக்காச்சோளத்தைப் போட்டு, வாணலியில் வறுத்து ஆறவைத்த தூள் உப்பு இரண்டு மூன்று தேக்கரண்டி சேர்த்து, மூடி, ஒரு நிமிடம் குலுக்குங்கள். கால் மணி நேரம் கழித்து உப்பு புட்டியின் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல். அந்த மூட்டை வேண்டாம். ஒட்டாமல் அடியில் விழுந்தால் அந்த அளவு ஈரம் இல்லை. இருந்தாலும் இரண்டு நாள் களத்தில் காயவைத்தே சேமியுங்கள். வியாபாரியின் முன்னாலேயே குலுக்கிப் பார்ப்பதில் ஒரு சங்கடம் இருக்கத்தான் செய்கிறது. நான் கூச்சப்படுவதை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகின்றன. மானாவாரி மக்காச்சோளம் மார்கழி, தையில் வந்து குவியும்போது வாங்கிக் காயவைத்தால் விலையும் இறங்கியிருக்கும், வெயிலும் கைகொடுக்கும்.

மூட்டைகளைத் தரையிலிருந்து அரையடி உயரத்தில் மரச்சட்டத்தின் மேல், சுவரிலிருந்து ஓரடி தள்ளி அடுக்குங்கள். அரைத்த தீவனத்தை மூன்று வாரத்துக்கு மேல் வைக்காதீர்கள். மழைக்காலத்தில் பத்து நாள்தான். சந்தேகம் இருந்தால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது. மாதிரியைக் கொடுத்துப் புரதத்தையும் நஞ்சையும் கட்டணத்துக்குச் சோதித்துக்கொள்ளலாம். பதினொரு கோழியின் விலையைவிட அது குறைவு.

தண்ணீரும் சித்திரை வெயிலும்

ஒரு பங்கு தீனிக்கு இரண்டு பங்கு தண்ணீர் என்பது சாதாரண நாள் கணக்கு. பங்குனி, சித்திரையில் அது இரட்டிப்பாகும். பகலில் கூரைமேல் கறுப்புத் தொட்டியில் கொதித்த தண்ணீரைக் கோழி தொடாது. தண்ணீர் குடிக்காத கோழி தீனியும் எடுக்காது. தொட்டிக்கு நிழல் போடுங்கள். வெயில் காலத்தில் விடியற்காலை ஐந்து மணிக்குத் தீனி வைத்துப் பதினொன்றுக்குத் தட்டைத் தூக்கிவிட்டு, மறுபடி நான்கு மணிக்கு மேல் வையுங்கள். செரிக்கும்போது உடம்பில் சூடு ஏறும் என்பதால், உச்சி வெயிலில் தின்ற கோழிதான் மூச்சிரைத்துச் சாகும்.

காங்கயம், வெள்ளகோவில், மூலனூர் பக்கம் ஆழ்குழாய்த் தண்ணீர் பல இடங்களில் உப்பு. நொய்யல் ஓரத்து ஊர்களில் சாயக்கழிவின் மிச்சமும் நிலத்தடியில் இருக்கிறது. ஷெட் போடுவதற்கு முன்பே தண்ணீரைச் சோதித்துவிடுங்கள். உப்புத் தண்ணீர்தான் கதி என்றால் தீவனத்தில் உப்பைக் குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் எச்சம் நீராகப் போய் உமி நனைந்து அடுத்தடுத்து நோய்கள் வரும்.

காசில்லாத தீனி

கரையான் உண்மையிலேயே நல்ல தீனி. பழைய மண்பானையில் காய்ந்த சாணம், கிழிந்த சாக்கு, சோளத்தட்டைத் துண்டு இவற்றைத் திணித்துத் தண்ணீர் தெளித்து, புற்று இருக்கும் செம்மண் தரையில் சாயங்காலம் கவிழ்த்து வைத்தால் காலையில் உள்ளே வெள்ளையாக மொய்த்திருக்கும். வெயில் ஏறுவதற்குள் எடுத்துவிட வேண்டும். ஒரு பானை பத்துப் பதினைந்து குஞ்சுகளுக்கு வரும். ஐந்நூறு கோழிக்கு எத்தனை பானை என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அசோலா என்ற நீர்ப்பாசியைப் போன்ற மிதக்கும் செடியைப் பற்றிக் கேள்விப்படுவதில் பாதியைத் தள்ளிவிடுங்கள். இருபது, இருபத்தைந்து சதவீதம் புரதம் என்பது காய்ந்த எடைக்குச் சொல்வது. பச்சை அசோலாவில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் தண்ணீர். நூறு கிராம் போட்டால் ஒன்றரைக் கிராம் புரதம்தான் தேறும். அதைக் கீரையாக நினைத்துக் கொடுங்கள், தீவனமாக நினைக்காதீர்கள். முருங்கை இலை, அகத்தி, வேலிமசால் எல்லாம் இதே வகைதான்: மஞ்சள் கருவுக்கு நிறம் வரும், கொத்திக்கொள்வது குறையும். கட்டாகக் கட்டிக் கோழி எட்டிக் கொத்தும் உயரத்தில் தொங்கவிட்டால் நாள் முழுவதும் அதோடு பொழுதுபோக்கும்.

முழுத் தானியம் போடுகிறவர்கள் ஒரு தட்டில் சின்னக் கற்களும் வைக்க வேண்டும். கோழிக்குப் பல் இல்லை. அரைவைப்பையில் கல்தான் பல். முட்டையிடும் பெட்டைகளுக்குக் கிளிஞ்சல் தூளைத் தனித் தட்டில் சாயங்காலம் வையுங்கள். ஓடு இரவில்தான் உருவாகிறது, தேவையான கோழி தேவையான அளவு எடுத்துக்கொள்ளும்.

தட்டு, தராசு, நோட்டு

தட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். தட்டின் விளிம்பு கோழியின் முதுகு உயரத்தில் இருக்கட்டும். இந்த இரண்டில் தவறினால் உமிக்குள் சிந்துவதே நூறு கோழிக்கு ஒரு மூட்டை வரை போகும். வாரத்துக்கு ஒருநாள் ஒரே கிழமை, ஒரே நேரம், கண்ணில் பட்ட பத்துக் கோழிகளை எடை போட்டு நோட்டில் எழுதுங்கள். பெரிதாகப் பார்த்துப் பிடிக்காதீர்கள். அது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது. மொத்தத் தீவனத்தை மொத்த எடையால் வகுத்தால் ஒரு கிலோ உயிர் எடைக்கு எத்தனை கிலோ தீனி என்று வரும். பிராய்லரில் ஒன்றரையை ஒட்டி நிற்கும் இந்த எண், நாட்டுக்கோழியில் மூன்றுக்குப் பக்கத்தில் இருக்கும். நான்கை நெருங்கினால் எலியோ, சிந்தலோ, குடற்புழுவோ, புரதக் குறைவோ இருக்கிறது.

வளர்ச்சிக்கு என்று ஆன்டிபயாடிக் தூளைத் தீவனத்தில் கலக்கச் சொல்லி யாராவது வந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கோழிக்குக் கொடுப்பதை இந்திய அரசு 2019-இல் தடைசெய்துவிட்டது. நோய்க்கு மருத்துவர் சொல்லி மருந்து கொடுத்திருந்தால், எத்தனை நாள் கழித்து விற்கலாம் என்பதையும் அவரிடமே கேட்டு அந்த நோட்டிலேயே குறித்துவையுங்கள்.

விற்கும் நாளுக்கு முந்தின இரவு பத்து மணிக்குத் தீவனத் தட்டுகளைத் தூக்கிவிடுங்கள். தண்ணீர் மட்டும் இருக்கட்டும். காலையில் வரும் வியாபாரி கோழியைத் தூக்கியதும் முதலில் கழுத்தடியில்தான் விரலை வைப்பார். தீனிப்பை புடைத்திருந்தால் கோழிக்கு ஐம்பது கிராம் என்று மொத்தமாகக் கழிப்பார், நூறு கோழிக்கு ஐந்து கிலோ. காலியாக இருந்தால் பேசாமல் தராசில் ஏற்றுவார்.